பிற்பகலில் இறுகும் பசை: கடலைப் புண்ணாக்குப் புரதப் பசையின் பாய்வு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி செல்லும் சாலையை ஒட்டிச் சிறு ஒட்டுப்பலகை ஆலை ஒன்று இயங்குகிறது. அது யூரியா பார்மால்டிஹைடு பிசினைக் கைவிட்டு, கடலைப் புண்ணாக்கு மாவிலிருந்து ஆக்கிய புரதப் பசையைக் கொண்டு வீட்டு உள்ளறைப் பலகைகளைச் செய்ய முற்பட்டது. காலையில் அழுத்திய பலகைகள் உறுதியாக வந்தன. அதே பசையைக் கொண்டு பிற்பகலில் அழுத்தியவற்றுள் பல கொப்புளம் கண்டும் மூலைகளில் வாய் பிளந்தும் வெளிவந்தன. மாவு, மரம், அழுத்துப் பொறி, வெப்பம் ஆகியவை எல்லாம் நாள் முழுவதும் ஒன்றாகவே இருந்தன. பசையின் பாகுத்தன்மையும் காலையிலும் மாலையிலும் ஒரே அளவு காட்டியதாக ஆலையின் பதிவேடு சொன்னது. அந்தப் பதிவேட்டு எண்ணே தவறான இடத்தில் நம்மை நிறுத்தியது என்பதை இந்த ஆய்வு காட்டுகிறது. புரதப் பசைக்குப் பாகுத்தன்மை என்று ஒற்றை எண் கிடையாது; எந்த வேகத்தில், எவ்வளவு நேரம் ஓய்ந்தபின் அளந்தது என்று சேர்த்துச் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

ஆலையும் அதன் பழைய வழக்கமும்

இந்த ஆலை மலைவேம்பு, தைலமரம் ஆகியவற்றிலிருந்து உரித்த வெனீர் என்னும் மெல்லிய மரத்தாள்களை வாங்கி, ஐந்தடுக்குப் பலகைகளாக ஒட்டுகிறது. யூரியா பார்மால்டிஹைடு பிசினுடன் மைதா மாவையும், கெட்டிப்படுத்த அம்மோனியம் குளோரைடையும் சேர்த்து, இரட்டை உருளை கொண்ட பசை பூசும் பொறியில் ஊற்றி, தாள்களை அதனூடே செலுத்தி, அடுக்கி, முதலில் குளிர் அழுத்தத்திலும் பின்னர் ஹாட் பிரஸ்ஸிலும் வைப்பது இங்கே பல ஆண்டு வழக்கம். பசை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு 4 மில்லிமீட்டர் துளையுள்ள பி4 கோப்பையை நிரப்பி, அது ஒழுகி முடியும் நொடிகளை எண்ணுவார்கள். நொடிகள் கூடினால் நீர் சேர்ப்பது, குறைந்தால் மைதா சேர்ப்பது என்பதே விதி. பிசினுக்கு இந்த விதி நன்றாகவே பொருந்தி வந்திருக்கிறது.

மாற்றத்துக்கான காரணம் எளியது. அடுக்கும் இடத்தில் நாள் முழுதும் நிற்பவர்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் தீராத தொல்லையாக இருந்தன. பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. உள்ளறைப் பலகைகளிலிருந்து அது கசியும் அளவுக்குப் பல நாடுகள் வரம்பு விதித்தும் விட்டன. கடலூர் மாவட்டத்திலோ மாற்றுப் பொருள் கையருகே இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளையும் மணிலாக் கொட்டையை ஆட்டிப் பிழிந்தபின் எஞ்சும் புண்ணாக்கில் ஏறக்குறைய 40 முதல் 45 விழுக்காடு வரை புரதம் உண்டு.

புரதத்தால் மரம் ஒட்டுவது புதுமையும் அன்று. சோயா மாவிலிருந்து பசை செய்யும் காப்புரிமையை ஓட்டிஸ் ஜான்சன் அமெரிக்காவில் 1923-இல் பெற்றார். சியாட்டில் நகரின் லாக்ஸ் ஆய்வகம் அதை வளர்த்தெடுக்க, அந்நாட்டு உள்ளறை ஒட்டுப்பலகையில் பல பத்தாண்டுகள் சோயாப் பசையே கோலோச்சியது. 1960-களில் விலை மலிந்த பார்மால்டிஹைடு பிசின்கள் அதை ஒதுக்கின. ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ, பாறையைப் பற்றிக்கொள்ளும் கடற்சிப்பியின் புரதத்திலிருந்து கிடைத்த எண்ணத்தைக் கொண்டு, காகித ஆலைகள் ஈரத்தாளுக்கு வலுவூட்டப் பயன்படுத்தும் பாலிஅமிடோஅமீன்-எபிகுளோரோஹைட்ரின் பிசினைச் சோயாவுடன் இணைத்தார்; அந்தப் பணி 2007-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. இவை அனைத்திலும் ஒட்டும் வலிமையைப் பற்றியே மிகுதியாகப் பேசப்பட்டது. ஆலைத் தளத்தில் முதலில் நம் கையைப் பிடிப்பது வலிமை அன்று, பாய்வு.

தளத்தில் கண்டவை

ஆலையார் உள்ளூர் எண்ணெய் ஆலையின் எக்ஸ்பெல்லர் (திருகுப் பிழிபொறி) புண்ணாக்கை வாங்கி, மாவு அரைக்கும் பொறியில் பொடித்து, நீருடன் காஸ்டிக் சோடாவும் நீர்த்த சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கியிருந்தனர். பழைய சோயாப் பசைச் செய்முறையை ஒட்டிய கலவை அது. தொடக்கத்தில் 30 விழுக்காடு திடப்பொருள் இருக்கும்படி கலந்தபோது பி4 கோப்பையில் அது ஒழுகவே இல்லை. சிறிது இறங்கி, நூலாக நீண்டு, துளியாகச் சொட்டி, பாதிக் கோப்பை நிறைந்திருக்கும்போதே நின்றுவிட்டது. பிசினுக்கு உரிய நொடிகளை எட்டும்வரை நீர் சேர்த்தார்கள். அப்படித்தான் காலைப் பசை ‘சரியான’ அளவுக்கு வந்தது.

கலவைத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் பிற்பகலில் என்ன நடக்கிறது என்று கேட்டேன். “சாப்பிட்டு வந்து பாத்தா பசை கட்டிக்கிது சார். உருளைக்கு ஏறவே மாட்டேங்குது. ரெண்டு செம்பு தண்ணி ஊத்திக் கலக்குனாத்தான் ஓடுது,” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. உணவு இடைவேளையில் பொறி நின்றபின் நானே அருகில் நின்று பார்த்தேன். உருளைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் பசை வழுவழுப்பான மேற்பரப்புடன் அசைவற்றுக் கிடந்தது. அகப்பைக் காம்பால் கீறினால் கீறல் மூடாமல் நின்றது. பொறியை ஓட்டியதும் உருளையை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டும் சுழன்று சென்றது. அதற்கு அப்பால் இருந்த பசை சுவர்போல் நிற்க, உருளைக்கும் பசைக்கும் இடையே ஒரு குகை உண்டாயிற்று. உருளையின் இரு ஓரங்களிலும் கைப்பிடி அகலத்துக்குப் பசையே ஏறவில்லை. அதே ஓரங்கள்தாம் பலகையின் மூலைகளாகி, அழுத்தம் விட்டதும் வாய் பிளந்தன.

நீர் ஊற்றிக் கலக்கிய சிறிது நேரத்தில் பசை மிகவும் இளகி, பூசிய தாளின் விளிம்பிலிருந்து வழிந்தது. கோப்பையில் அளந்தால் காலை அளவே காட்டியது. பதிவேட்டில் அந்த எண்ணே ஏறியது. இப்படியாக ஒரே எண்ணின் கீழ் இரு வேறு பசைகள் நாளுக்கு இருமுறை பலகைக்குள் சென்றன.

அளவீடு

ஆலையில் இருந்தது, சுழலும் தண்டைக் கொண்டு பாகுத்தன்மையை அளக்கும் ஒரு சாதாரண புரூக்பீல்டு விஸ்கோமீட்டர். பெரிய ஆய்வகங்களில் உள்ள ரியோமீட்டர் இல்லாமலேயே, அதைச் சரியாகப் பயன்படுத்தினால் வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஒரே சுழல்தண்டை நிமிடத்துக்கு 2 சுற்று வேகத்திலும் 20 சுற்று வேகத்திலும் ஓட்டி, இரண்டு அளவுகளையும் குறித்தோம். நீர் சேர்க்காத பசையில், வேகம் பத்து மடங்கு ஏறும்போது பாகுத்தன்மை ஏறக்குறைய நாலரை மடங்கு இறங்கியது. நியூட்டன் விதிக்கு உட்பட்ட பாய்மமாக இருந்தால் இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்க வேண்டும்; யூரியா பிசினை அப்படி அளந்தபோது வேறுபாடு மிகச் சிறிதே இருந்தது.

பாகுத்தன்மை வேகத்தின் ஓர் அடுக்கைப் (power) பொறுத்து மாறுகிறது என்னும் அடுக்கு விதியில் இந்த நாலரை மடங்கை வைத்துப் பார்த்தால் பாய்வுக் குறியெண் ஏறக்குறைய 0.35 என வரும். குறியெண் 1 என்றால் வேகம் எதுவாயினும் பாகுத்தன்மை மாறாது. 1-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுக்கு அந்தப் பசை, தன்னை இழுக்கும் வேகம் ஏற ஏற இளகும். இந்த எண்ணின் பொருளை ஆலைத் தளத்தில் வைத்துக் காண வேண்டும். பசை பூசும் உருளை நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் சுழல, பசைப் படலம் 0.3 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தால், அடுக்குகளுக்கு இடையிலான சறுக்கு வேகம் நொடிக்கு 1,100 அளவில் இருக்கும். விஸ்கோமீட்டர் 20 சுற்றில் ஓடும்போது அந்த வேகம் நொடிக்குச் சில அலகுகளே. வேகம் நூறு மடங்கு ஏறினால், 0.35 குறியெண்ணுள்ள பசை இருபது மடங்கு இளகும். எனவே கருவியில் 20,000 சென்டிபாய்ஸ் (பாகுத்தன்மையின் அலகு) காட்டும் புரதப் பசை, உருளை இடுக்கில் 1,000 சென்டிபாய்ஸ் பிசினைப் போல நடந்துகொள்ளும். இடுக்கைத் தாண்டித் தாளின்மேல் அமர்ந்த அடுத்த நொடியிலோ தன் பழைய கெட்டிமைக்குத் திரும்பத் தொடங்கும். மரம் ஒட்டும் பசைக்கு இதைவிட நல்ல குணம் வேண்டியதில்லை. பூசும்போது இளகுகிறது, பூசியபின் வழியாமல், மரத்தின் நுண்துளைகளுக்குள் முழுதும் இறங்கிப் போய்விடாமல் நிற்கிறது. சோயாப் பசை பற்றிய ஆய்வு நூல்கள் மரத்தாள் ஒட்டுவதற்கு 5,000 முதல் 25,000 சென்டிபாய்ஸ் வரை ஏற்புடையது என்று சொல்வதன் காரணமும் இதுவே. பிசினுக்குப் பழகிய கண்ணுக்கு அந்த எண்கள் அச்சமூட்டும்; பி4 கோப்பையோ அவற்றை ஏற்கவே ஏற்காது.

கோப்பையில் பசை பாதியில் நின்றதற்கும் விளக்கம் உண்டு. கோப்பையில் பசையைக் கீழே தள்ளுவது அதன் சொந்த எடைதான். மட்டம் இறங்க இறங்க அந்தத் தள்ளுதல் குறைகிறது. ஒரு குறிப்பிட்ட தகைவுக்குக் (ஓரலகு பரப்பின்மீது செயல்படும் விசைக்கு) கீழே நகரவே மறுக்கும் பாய்மம், தள்ளுதல் அந்த எல்லைக்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். இந்தத் தொடக்கத் தகைவை அளக்க ஒரு கண்ணாடித் தகடே போதும். வெவ்வேறு கனத்தில் பசையைத் தேய்த்துத் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தினால், வழியாமல் நிற்கும் மிகக் கனத்த படலம் எது என்று தெரியும். பசையின் அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம், படலத்தின் கனம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் தகைவு கிடைக்கும். 2 மில்லிமீட்டர் படலம் நிற்கிறது என்றால் ஏறக்குறைய 22 பாஸ்கல். பெரியவர் சொன்ன ‘கட்டிக்கிது’ என்பதை இந்தத் தகடு தெளிவாகவே காட்டியது: கலக்கியவுடன் தேய்த்த மெல்லிய படலமே வழிந்தது, உணவு இடைவேளை அளவுக்கு ஓய்ந்த பசையில் அதைவிடப் பன்மடங்கு கனத்த படலம் அசையாமல் நின்றது.

ஓய்வில் இறுகி, கலக்கினால் இளகும் இந்தக் குணத்தைத் திக்சோட்ரோபி என்பார்கள். காலையில் கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழ் உச்சிப்பொழுதில் சட்டியில் கெட்டியாக நிற்பதும், மத்தால் இரண்டு சுற்றுச் சுற்றியதும் நீரின்றியே இளகுவதும் இதே வகைதான். நீர்விட்டு நனைந்த மாவுத்துகள்கள் ஊதிப் பெருத்து ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அவற்றிலிருந்து விரிந்த புரத இழைகள் இடைவெளிகளில் ஒன்றோடொன்று மெல்லிய பிணைப்புகளை ஓய்வு நேரத்தில் உண்டாக்கிக்கொள்கின்றன. கலக்குதல் அந்தப் பிணைப்புகளை அறுக்கிறது. ஆகவே பிற்பகல் பசைக்கு வேண்டியிருந்தது நீர் அன்று, சில நிமிடக் கலக்கல். அதைப் பெரியவரிடம் செய்து காட்டினோம். கலக்கி நிறுத்திப் பத்து நிமிடத்துக்குள் பசை உருளையில் ஓரம்வரை ஏறியதைக் கண்டபின், செம்பை அவரே எடுத்து அப்பால் வைத்துவிட்டார்.

ஆனால் கதை திக்சோட்ரோபியோடு முடியவில்லை. நன்கு கலக்கியபின்னும் பிற்பகல் பசை காலை நிலைக்கு முழுதும் திரும்பவில்லை. எஞ்சிய ஒரு பகுதி இறுக்கம் மீளாததாக இருந்தது. அதற்குச் சுண்ணாம்பே காரணம். கால்சியம், புரத இழைகளைக் குறுக்கே பிணைத்து நீர்தாங்கும் தன்மையைத் தருகிறது. அதே வினை தொட்டியிலேயே நடந்துகொண்டிருப்பதால் பசைக்கு ஆயுள் சில மணி நேரமே. காஸ்டிக் சோடாவின் போக்கு இதற்கு எதிரானது: முதலில் புரதத்தை விரித்துப் பாகுத்தன்மையை ஏற்றி, நேரம் செல்லச் செல்லப் புரதச் சங்கிலியையே அறுத்து இளக்குகிறது, ஒட்டும் திறனையும் குறைக்கிறது. ஒன்று இறுக்க, மற்றொன்று இளக்க, இரண்டின் கூட்டு விளைவு கருவியில் ஒரே எண்ணாகத் தோன்றுவது மிக எளிதில் ஏமாற்றும்.

நீரின் கணக்கு

கொப்புளத்துக்கு வருவோம். இரு தாள்களுக்கு இடையிலான ஒரு பசைக்கோட்டில் சதுர மீட்டருக்கு 200 கிராம் பசை என்றால், 30 விழுக்காட்டுப் பசை 140 கிராம் நீரைக் கொண்டுசெல்லும். 20 விழுக்காட்டுக்கு இளக்கிய பசை 160 கிராம். ஐந்தடுக்குப் பலகையில் நான்கு கோடுகள்: முறையே 560, 640 கிராம். 1.6 மில்லிமீட்டர் தாள் ஒன்று சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 800 கிராம் எனில் ஐந்து தாள்கள் 4 கிலோ. ஆக, தாள்களில் ஏற்கெனவே உள்ள ஈரத்துக்கு மேல் 14 விழுக்காடோ 16 விழுக்காடோ ஏறுகிறது. இரண்டு விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கோட்டில் எஞ்சும் புரதத்தைப் பாருங்கள்: 60 கிராம் திடப்பொருள் 40 ஆகச் சுருங்குகிறது. ஒருபுறம் நீராவி மிகுகிறது, மறுபுறம் அதைத் தாங்கி நிற்க வேண்டிய பிணைப்பு மெலிகிறது.

ஹாட் பிரஸ்ஸின் தட்டு 120 பாகை செல்சியஸில் இருக்கும்போது நிறைநீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பொறி மூடியிருக்கும்வரை அது அடங்கியிருக்கும். திறந்த கணத்தில் வெளியேற வழி தேடும். கோடு நன்கு பிடித்திருந்தால் மரத்தின் ஊடே மெல்லக் கசிந்து போகும். இல்லாவிட்டால் அங்கேயே கொப்புளம்தான். பிற்பகலில் கழிந்த பலகை ஒன்றைக் கத்தியால் பிளந்து, உருப்பெருக்குக் கண்ணாடியால் கோட்டைப் பார்த்தோம். நடுவில் பசை ஏறக்குறைய மறைந்து, மரத்தின் துளைகள் பழுப்பேறித் தெரிந்தன: இளகிய பசை தாளுக்குள் உறிஞ்சப்பட்டுக் கோடு வறண்டிருந்தது. ஓரத்திலோ பசையின் தடமே இல்லை. அங்கங்கே கடுகளவு மாவுக் கட்டிகள் இரு தாள்களையும் தூக்கி நிறுத்தியிருந்தன. காலைப் பலகையைப் பிளந்தபோது பிளவு பசையில் ஓடாமல் மரத்துக்குள் ஓடி, இருபுறமும் நார் பிய்ந்து வந்தது. ஒட்டுப்பலகைக்காரர்கள் காண விரும்பும் காட்சி அது.

செய்த மாற்றங்கள்

நீரைக் குறைத்து, அதே நேரத்தில் பசையைப் பாயவும் செய்ய வேண்டும். இதுவே புரதப் பசையின் மையச் சிக்கல். இதற்கு நாங்கள் எடுத்த வழி சோடியம் மெட்டாபைசல்பைட். கடலைப் புரதத்தில் பெரும்பங்கு வகிக்கும் அராக்கின், ஆறு அலகுகள் சேர்ந்த பெருமூலக்கூறு. ஒவ்வோர் அலகிலும் ஒரு பெரிய சங்கிலியும் ஒரு சிறிய சங்கிலியும் கந்தகப் பாலம் ஒன்றால் இணைந்துள்ளன. சல்பைட்டு அந்தப் பாலத்தை அறுக்கிறது. சங்கிலிகள் தனித்தனியே விடுபடுவதால் பசை இளகுகிறது. சங்கிலியே அறுபடாததால் ஒட்டும் திறன் பெரிதும் கெடுவதில்லை. காஸ்டிக் சோடாவின் இளக்கலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது. மாவின் எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான அளவே போதுமானதாக இருந்தது. அமிலம் பட்டால் இது கந்தக டைஆக்சைடு வளியை வெளியிடும் என்பதால், புளித்த பழைய பசை ஒட்டியிருக்கும் தொட்டியில் இதைக் கொட்டக் கூடாது என்று எழுதி ஒட்டச் செய்தோம்.

சுண்ணாம்பை முற்றிலும் விட்டோம். நீர்தாங்கும் தன்மைக்கு, முன் சொன்ன காகித ஆலைப் பிசினைச் சிறிதளவு, பூசுவதற்குச் சற்று முன்பாக மட்டும் சேர்த்தோம். நேர்மின்னூட்டம் கொண்ட அது எதிர்மின்னூட்டம் கொண்ட புரதத்தைக் கண்டதும் பற்றிக்கொண்டு பசையை மீண்டும் கெட்டியாக்கும். ஆகையால் சல்பைட்டு முதலில், பிசின் கடைசியில் என்ற வரிசை மாறக் கூடாது. காரத்தன்மை குறைந்ததால் இன்னொரு நன்மையும் கிடைத்தது: தைலமரத் தாளின் துவர்ப்புப் பொருள்கள் காரத்தோடு சேர்ந்து மேற்பரப்பில் விட்டிருந்த கருஞ்சிவப்புக் கறை மறைந்தது.

மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய. எக்ஸ்பெல்லரில் எண்ணெயைப் பிழியும்போது எழும் சூடு புரதத்தின் ஒரு பகுதியை முன்னதாகவே இறுக வைத்துவிடுகிறது. அது நீரில் விரியாமல் வெறும் துகளாகவே நின்றுவிடும். மரச்செக்குப் புண்ணாக்கில் புரதம் அவ்வளவு கெடுவதில்லை, ஆனால் எண்ணெய் மிகுதி. எண்ணெய் பசை மரத்தை நனைப்பதைத் தடுக்கும். கரைப்பானால் எண்ணெய் நீக்கிய புண்ணாக்கில் எண்ணெய் மிகக் குறைவு. அதை வாங்கி, 100-ஆம் எண் சல்லடையில் சலித்துப் பயன்படுத்தியபோது கட்டிகள் ஒழிந்தன. நுண்ணிய மாவு கூடுதல் நீரைப் பிடித்துக்கொள்வதால் பசை சற்றுக் கெட்டியாகும் என்பது உண்மை. அந்தக் கெட்டிமையைச் சல்பைட்டால் சரிக்கட்டலாம், கட்டியை எதனாலும் சரிக்கட்ட முடியாது. கலக்கும்போது மாவின்மேல் நீரை ஊற்றாமல், சுழலும் நீரில் மாவைத் தூவி, அரைமணி நேரம் ஊறவிட்டுப் பிறகு அளப்பது என்று முறைப்படுத்தினோம். ஊறும் முன் அளந்த எண் மதிப்பற்றது.

உருளைப் பள்ளத்துக்கும் தொட்டிக்கும் இடையே பசையைச் சுற்றிவர வைக்கும் சிறு பம்பு ஒன்று பொருத்தப்பட்டது. உணவு இடைவேளையிலும் அது ஓடும். பி4 கோப்பை பிசினுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. புரதப் பசைக்குப் பதிவேட்டில் இப்போது நான்கு பத்திகள்: 2 சுற்றில் அளவு, 20 சுற்றில் அளவு, பசையின் வெப்பநிலை, அடுப்பில் 105 பாகையில் உலர்த்திக் கண்ட திடப்பொருள் விழுக்காடு. கடைசிப் பத்தி இருக்கும்வரை எவரும் அறியாமல் நீர் நுழைய முடியாது.

மாற்றத்துக்குப் பின்

காலை, பிற்பகல் இரு வேளையும் எடுத்த துண்டுகளை, இந்தியத் தர நிர்ணயம் 303 ஈரம் தாங்கும் வகைப் பலகைக்குச் சொல்லும் முறைப்படி, 60 பாகை நீரில் 3 மணி நேரம் ஊறவைத்து 65 பாகையில் 8 மணி நேரம் உலர்த்தும் சுற்று மூன்று முறை செய்து கத்தியால் பிரித்தோம். இரு வேளைத் துண்டுகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் மரநார் பிய்ந்தது. கொதிநீர் தாங்கும் வகைக்கு இந்தப் பசையை நாங்கள் முன்வைக்கவில்லை. சமையலறைத் தொட்டியடிக்கோ வெளிக்கதவுக்கோ இதை விற்கலாகாது என்று ஆலையாரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

அழுத்து வெப்பத்தை மட்டும் நாங்கள் நினைத்ததுபோல் குறைக்க இயலவில்லை. பசை சூடேறும்போது முதலில் இளகி மரத்தை நனைக்கிறது. பிறகு நீர் வெளியேற, புரதம் வெந்து திரண்டு, மீள்தன்மையுள்ள திண்மமாகிறது. அராக்கின் நீர் மிகுந்த நிலையிலேயே 100 பாகையைத் தாண்டித்தான் முழுதும் குலைகிறது; நீர் குறையக் குறைய அந்த வெப்பநிலை இன்னும் ஏறும். எனவே தட்டு 115 முதல் 120 பாகைக்குள் இருந்தாக வேண்டியிருந்தது. அதற்கு ஈடாக, அழுத்தத்தைக் கடைசியில் ஒரேயடியாக விடாமல் படிப்படியாக விடும் முறை மேற்கொள்ளப்பட்டது. ஒவ்வோர் அழுத்தத்துக்கும் கூடுதல் நேரம் பிடிப்பதை முதலாளி இன்னும் மனம் ஒப்பி ஏற்கவில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் நான் மறுக்க மாட்டேன்.

விலையும் ஒரு கேள்விதான். கடலைப் புண்ணாக்கு மாட்டுத் தீவனம். பால்மாடு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது அன்றாடச் செலவு. ஆலைகள் போட்டிக்கு வாங்கினால் விலை ஏறும். பூஞ்சை பிடித்து அப்லாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு ஏறியதால் தீவனத்துக்கு ஆகாதென்று ஒதுக்கப்படும் சரக்கைப் பசைக்கு எடுத்தால் மாட்டின் பங்கைப் பறித்ததாக ஆகாது என்பது என் கருத்து. ஆனால் அந்த மாவின் தூசியைச் சுவாசிப்பது தீங்கு; பொடிக்கும் இடம் மூடியதாக, தூசி உறிஞ்சும் அமைப்புடன் இருக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம். கண் எரிச்சலிலிருந்து தொழிலாளரைக் காக்கத் தொடங்கிய முயற்சி அவர்கள் நுரையீரலில் வேறொரு நஞ்சை ஏற்றிவிடக் கூடாது. இந்த ஏற்பாடு முடியும்வரை தீவனத் தரச் சரக்கையே வாங்குவது என்று முடிவாகியிருக்கிறது.

மீதமுள்ள பசையை இரவு வைத்துக் காலையில் புதிதுடன் கலக்கும் வழக்கத்தையும் நிறுத்தினோம். கடலூர் வெக்கையில் ஓர் இரவு போதும், பசை புளித்துவிடும். புளிப்பு ஏற ஏற அதன் pH அளவு இறங்கி 4.5 என்ற எண்ணை நெருங்கும். அங்கே கடலைப் புரதம் தன் மின்னூட்டத்தை இழந்து திரண்டு, நீரை விட்டுப் பிரியும். அப்படிப் பிரிந்த பசையை விஸ்கோமீட்டரில் வைத்தால், தண்டு தெளிந்த நீரில் சுழன்று மிகக் குறைந்த எண்ணைக் காட்டும். மோந்து பார்த்தாலே தெரியும். கருவிக்கு மூக்கில்லை என்பதால் இதையும் பதிவேட்டில் ஒரு குறிப்பாகச் சேர்த்திருக்கிறோம்.

இந்த அளவீடுகள் எல்லாம் கோடையில் எடுத்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது கடற்கரை மாவட்டத்தின் காற்றில் ஈரம் ஏறும். கிடங்கில் அடுக்கிய வெனீர் தாள்களும் அதை வாங்கிக்கொள்ளும். ஈரத்தாள் பசையிலிருந்து நீரை மெதுவாகவே உறிஞ்சுவதால், பூசியதற்கும் அழுத்துவதற்கும் இடையே பசை இறுகும் வேகம் மாறும். கோடையில் சரியாக இருந்த திடப்பொருள் அளவு மழைக்காலத்தில் ஓரிரு விழுக்காடு கூட வேண்டியிருக்கலாம். தாளின் ஈரத்தை அளக்கும் கருவி வாங்கப்பட்டுவிட்டது. மழைக்கால அளவுகளை எடுக்கும் பொறுப்பை அந்தப் பெரியவரே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.